குருக்களுக்கு கிரீன் கார்டு: கோயில் கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவில் எங்கள் ஊர்க் கோயில் குருக்களுக்கு கிரீன் கார்டு (இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) போடலாம் என்று கமிட்டி முடிவெடுத்த வாரம், நாங்கள் முதலில் செய்த காரியம் கையெழுத்து வேட்டை. பிரதோஷத்தன்று வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து நானூறு சொச்சம் கையெழுத்து வாங்கினோம். கூடவே முப்பது பாராட்டுக் கடிதங்கள். "இவர் வாயால் ருத்ரம் கேட்டால் கண்ணில் தண்ணீர் வரும்", "எங்கள் பிள்ளைகளுக்கு இவர்தான் வழிகாட்டி" என்றெல்லாம் உருகி எழுதியிருந்தார்கள். வக்கீல் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தார், மேசை ஓரமாக வைத்தார், "சரி, இவருடைய டபிள்யூ-2 எங்கே?" என்றார். வருஷா வருஷம் சம்பளத்தையும் வரியையும் காட்டும் படிவம் அது. வந்திருந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்குக் குருக்களின் வித்வத்தை அளக்க வழியும் கிடையாது, அது அவர் வேலையும் இல்லை. இவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்ன செய்கிறார், யார் சம்பளம் தருகிறார்கள், சொன்ன சம்பளம் சொன்னபடி கைக்குப் போகிறதா, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். பக்தர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தக் காகிதங்களை முதல் நாளிலிருந்து சேர்த்து வைப்பது.

நான் வக்கீல் இல்லை. அமெரிக்காவில் ஒரு சின்னக் கோயிலில் இரண்டு குருக்களுக்கும் ஒரு வேத வகுப்பு ஆசிரியருக்கும் கோப்பு சேர்த்துக் கொடுத்தவன். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் கட்டாயம் வேண்டும். அதிலும் மதப் பணியாளர் வழக்குகளை முன்பு செய்தவராகப் பாருங்கள். ஐ.டி. கம்பெனிகளுக்கு எச்-1பி போட்டே பழகியவர்களுக்கு இந்தப் பக்கத்து நெளிவுசுளிவு பல நேரம் தெரிவதில்லை.

பாதை

1977-இல் பிட்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயிலும் நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலும் கும்பாபிஷேகம் கண்ட காலத்திலிருந்தே அர்ச்சகர்கள் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மதப் பணியாளர்களுக்கென்று இப்போதுள்ள ஆர்-1 என்ற தற்காலிக விசா வகை 1990-ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டத்தில் வந்தது.

கோயில் ஐ-129 படிவம் போட்டு அனுமதி வாங்கும். குருக்கள் ஆர்-1 விசாவில் வருவார். முதல் தடவை அதிகபட்சம் 30 மாதம், நீட்டிப்பு இன்னொரு 30 மாதம், ஆக மொத்தம் ஐந்து வருஷம். இந்த ஐந்து வருஷத்துக்குள், மதப் பணியாளர் என்ற முறையில் இவர் கிரீன் கார்டுக்குத் தகுதியானவர் என்று காட்டும் ஐ-360 என்ற மனுவைக் கோயில் போட வேண்டும். (குருக்கள் தானே தன் பெயரில் போட்டுக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் வேலையும் சம்பளமும் தருவதாகக் கோயில் எழுதித் தராமல் அது நிற்காது.) ஐ-360 அனுமதியாகி, வரிசையில் அவர் முறையும் வந்த பிறகு ஐ-485. கிரீன் கார்டு விண்ணப்பம் என்று நாம் சொல்வது இந்தக் கடைசிப் படிவத்தைத்தான். மற்ற வேலைவாய்ப்பு வகைகளில் சில நேரம் மனுவையும் ஐ-485-ஐயும் ஒன்றாகப் போடுவார்கள். மதப் பணியாளருக்கு அது கிடையாது. ஒன்று முடிந்துதான் அடுத்தது.

இரண்டு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை

கோயில்களில் அதிகம் நடக்கும் தவறு இது. "இங்கே வந்து இரண்டு வருஷம் வேலை செய்தால்தான் ஐ-360 போட முடியும்" என்று யாரோ சொல்லி, எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். விதி கேட்பது, மனுப் போடும் நாளுக்கு உடனே முந்தைய இரண்டு வருஷம் தொடர்ந்து மதப் பணி செய்திருக்க வேண்டும் என்பதை. அதே இரண்டு வருஷம் அந்தச் சமயப் பிரிவைச் சேர்ந்தவராகவும் இருந்திருக்க வேண்டும். அந்த வேலை இந்தியாவில் செய்ததாகவும் இருக்கலாம். மாயவரத்துப் பக்கம் ஒரு சிவன் கோயிலில் பத்து வருஷம் பூஜை செய்தவர் இங்கே வந்து சில மாதத்திலேயே ஐ-360 போடலாம். ஆர்-1-இல் இருப்பவருக்காக ஐ-360 போட்டதை மட்டும் காரணமாகக் காட்டி ஆர்-1 நீட்டிப்பை மறுக்கவும் முடியாது.

ஏன் அவசரம் என்றால், ஐ-360 போய்ச் சேர்ந்த தேதிதான் வரிசையில் அவருடைய இடம். இந்த வரிசை இப்போது நீளம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே கண்ணி, "தொடர்ந்து" என்ற சொல். ஊர்க் கோயில் வேலையை விட்டுவிட்டு விசாவுக்காக எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தார் என்றால் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே விசா கைக்கு வரும்வரை ஊரில் வேலையை விட வேண்டாம் என்று அவர் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்தப் பெயரில் போடுவது

சட்டத்தில் மூன்று கதவுகள் உண்டு. வழிபாடு நடத்த முழு அதிகாரமும் பயிற்சியும் பெற்ற குரு ஒன்று. நம் குருக்கள், பட்டாச்சாரியார் எல்லாம் இதில் வருவார்கள். வாழ்நாள் விரதம் பூண்ட துறவி இரண்டாவது. மடத்துச் சுவாமிஜிகளுக்கு இது பொருந்தும். மூன்றாவது, சமயத் தொழில் செய்பவர்: ஓதுவார், வேத வகுப்பு ஆசிரியர் போன்றவர்கள். துப்புரவு, பராமரிப்பு, குமாஸ்தா வேலை, நன்கொடை வசூல் ஆகியவை முதன்மை வேலையாக இருந்தால் மூன்றிலும் இடமில்லை.

முதல் கதவுக்கும் மற்ற இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. குரு என்ற வகை சட்டத்தில் நிரந்தரமாக இருக்கிறது. மற்ற இரண்டும் காலக்கெடு உள்ள திட்டம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது நீட்டினால்தான் உயிரோடு இருக்கும், வருஷத்துக்கு 5,000 என்ற உச்சவரம்பும் உண்டு. அதனால் ஒருவர் பூஜையும் செய்கிறார், வகுப்பும் எடுக்கிறார் என்றால், அவருக்குத் தீட்சையும் பயிற்சியும் இருக்கும்பட்சத்தில், எந்த வகையில் போடுவது என்று வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள். எங்கள் வேத வகுப்பு ஆசிரியரை முதலில் "ஆசிரியர்" என்றே எழுதி வைத்திருந்தோம். அவர் ஆசார்யாபிஷேகம் (தீட்சைகளுக்கு மேல் ஆசாரியராக்கும் சடங்கு) ஆனவர் என்பது நாலு மாதம் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில், அவர் சொல்லித்தான் தெரிந்தது.

மடப்பள்ளிச் சமையல்காரரைச் சமயப் பணியாளராகக் காட்டலாமா என்று எல்லாக் கமிட்டியிலும் ஒருவர் கேட்பார். நைவேத்தியம் சமைப்பது நமக்கு சமயச் செயல்தான், ஆனால் அதிகாரியின் கண்ணுக்கு அது சமையல். அந்த வழக்கு கஷ்டமான வழக்கு.

ஊரிலிருந்து வரவழைக்க வேண்டியவை

கிறிஸ்தவப் பாதிரியார் என்றால் செமினரி பட்டம், திருநிலைப்பாட்டுச் சான்றிதழ் என்று கோப்பு தானாகத் தயாராகிவிடும். நம்மவர்களில் பலர் அப்பாவிடமும் தாத்தாவிடமும் உட்கார்ந்து கற்றவர்கள். பாடசாலையில் படித்திருந்தால் சான்றிதழ் இருக்கும், நல்லது. இல்லையென்றால் விதியிலேயே வழி இருக்கிறது: பட்டப்படிப்பு கேட்காத சமயப் பிரிவு, குருவாவதற்குத் தன்னிடம் உள்ள தகுதி முறை என்ன என்று காட்டி, இவர் அதை முடித்தார் என்றும் காட்டினால் போதும்.

சைவ ஆகம மரபில் அதைப் படிப்படியாக எழுதிக் காட்ட முடியும்: சமய தீட்சை, விசேஷ தீட்சை, நிர்வாண தீட்சை, அதற்கு மேல் ஆசார்யாபிஷேகம். எந்தத் தீட்சை, எந்த வருஷம், எந்த ஊரில், யாரிடம் என்று தீட்சை கொடுத்த ஆசாரியரோ அவர் வழியில் வந்தவரோ எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வைணவர் என்றால் வைகானசம், பாஞ்சராத்திரம் என்ற இரண்டு ஆகம மரபில் எது என்று பிரித்து எழுத வேண்டும். "இந்து மதம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். இங்குள்ள கோயிலும் ஊர்க் கோயிலும் ஒரே மரபு என்று காட்டினால்தான் அந்த இரண்டு வருஷ உறுப்பினர் கணக்கு சரியாக நிற்கும்.

ஊர்க் கோயில் வேலைக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் நெல், மீதி தட்டுக் காசு. கவலைப்பட வேண்டாம், வேறு காகிதம் இருக்கும். செயல் அலுவலரோ அறங்காவலரோ தரும் அனுபவக் கடிதம், தேதிகளுடன். வங்கிப் பாஸ்புக். எனக்கு மிகவும் பிடித்தது கும்பாபிஷேகப் பத்திரிகை: சர்வசாதகம் (தலைமை ஆசாரியர்) யார், உதவி ஆசாரியர்கள் யார் என்று தேதி, ஊர், பெயருடன் அச்சடித்திருப்பார்கள். எங்கள் குருக்களின் மனைவி அந்தப் பத்திரிகைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு அரிசி டிரம்முக்கு மேலே வைத்திருந்தார். பதினோரு பத்திரிகை. வக்கீல் அதைப் பார்த்ததும் முதல் தடவையாகச் சிரித்தார்.

தமிழில் உள்ளதையெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சேர்க்க வேண்டும். காசு கொடுத்து ஏஜென்சிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த பக்தர் ஒருவர் முழுவதும் மொழிபெயர்த்து, "இது முழுமையானது, சரியானது, எனக்கு இந்த மொழிபெயர்ப்பைச் செய்யும் தகுதி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டால் செல்லும்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பாடசாலைச் சான்றிதழில் "சிவாச்சாரியார்" சேர்த்து ஒரு மாதிரி, பத்திரிகையில் "குருக்கள்" என்று ஒரு மாதிரி இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் முதலிலேயே போட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, பதிவு இல்லை என்ற சான்றிதழும், விவரம் தெரிந்த பெரியவர்களின் உறுதிமொழியும், பள்ளிச் சான்றிதழும் வேண்டும். இதற்கு ஊரில் யாராவது அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். கடைசிக் கட்டத்தில்தான் தேவை என்று தள்ளிப்போடாதீர்கள்.

சம்பளம்

ஐ-360-இல் வாரம் சராசரியாகக் குறைந்தது 35 மணி நேர வேலை என்று காட்ட வேண்டும். ஆர்-1-க்கு 20 போதும் என்பதால் சில கோயில்கள் குறைவாக எழுதி வைத்திருக்கும், அதைக் கவனியுங்கள். காலைச் சந்தி, அபிஷேகம், மாலைப் பூஜை, பக்தர் வீட்டுப் பூஜைகள், வகுப்பு, விழா ஏற்பாடு என்று ஒரு வார அட்டவணை போட்டுப் பாருங்கள். 35 சுலபமாக வந்துவிடும். உண்மையில் நம் குருக்கள்மார் அதற்கு மேல்தான் உழைக்கிறார்கள்.

தங்க இடம், சாப்பாடு ஆகியவையும் ஊதியமாகக் கணக்கில் வரும், ஆனால் காட்ட வேண்டும். இங்கேதான் சின்னக் கோயில்கள் மாட்டிக்கொள்கின்றன. மனுவில் "வீட்டோடு சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகை எழுதியிருப்பார்கள். டபிள்யூ-2-இல் அதைவிடக் குறைந்த தொகை இருக்கும், ஏனென்றால் குருமார்களுக்குத் தரும் வீட்டுப் படி வரிக் கணக்கில் வேறு விதமாக நடத்தப்படுகிறது. அதிகாரிக்கு அது "சொன்ன சம்பளம் தரவில்லை" என்று தெரியும். வீட்டின் வாடகை ஒப்பந்தம், கமிட்டித் தீர்மானம், சி.பி.ஏ. (கணக்காளர்) எழுதிய ஒரு பக்க விளக்கம் மூன்றையும் சேர்த்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

சம்பளம் செக்கிலோ வங்கி வழியாகவோ மட்டும். "இந்த மாசம் உண்டியல் கம்மி, அடுத்த மாசம் சேர்த்துத் தரோம் சாமி" என்பது கோயிலுக்கும் குருக்களுக்கும் நடுவில் பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். பாஸ்புக்கில் அது ஓட்டையாகத் தெரியும்.

அப்புறம் தட்சிணை. இதைப் பேசக் கமிட்டிக்குக் கூச்சம், குருக்களுக்குச் சங்கடம், ஆனால் பேசியே ஆக வேண்டும். ஆர்-1-இல் இருப்பவர் மனுப் போட்ட கோயிலுக்காக மட்டுமே வேலை செய்யலாம். ஒரு பக்தர் கிரகப்பிரவேசத்துக்கு நேரே குருக்களை போனில் கூப்பிட்டு, முடிந்ததும் கவரில் பணம் வைத்துக் கொடுத்தால், அது அனுமதியில்லாத வேலை என்று பின்னால் ஐ-485 கட்டத்தில் கேள்வியாகும். வழி எளிது: வீட்டுப் பூஜை எல்லாம் கோயில் அலுவலகத்தில் பதிவாக வேண்டும், கட்டணம் கோயிலுக்குப் போக வேண்டும், குருக்களுக்கு உரியது சம்பளத்தோடு வர வேண்டும். பக்கத்து ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கைகொடுக்கப் போவதும் அப்படித்தான். அந்தக் கோயில் தனியாக மனுப் போடாமல் அவர் அங்கே சம்பளத்துக்குப் போகக் கூடாது. நாங்கள் அறிவிப்புப் பலகையில் இதை எழுதி ஒட்டியபோது, ஒரு மாமி, "குருக்களுக்கு நான் தட்டுல பத்து டாலர் போடறதுக்கும் ரசீதா?" என்று சண்டைக்கு வந்தார். பயந்து போய் வக்கீலிடம் கேட்டு, தட்டுக் காசையும் உண்டியல் கணக்கில் சேர்த்தோம். மாமிக்கு இன்றுவரை கோபம்.

கோயிலின் காகிதங்கள்

வரிவிலக்கு பெற்ற 501(சி)(3) அமைப்பு என்று ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) தந்த கடிதம் அடிப்படை. அதோடு பட்ஜெட், வங்கிக் கணக்கு, கட்டடப் புகைப்படங்கள், விழா அழைப்பிதழ்கள்.

ஐ-360-இல் கோயில் சார்பாக ஒருவர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். உறுப்பினர் எத்தனை பேர், ஊழியர் எத்தனை பேர், கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை மதப் பணியாளர்களுக்கு மனுப் போட்டீர்கள், குருக்களின் வேலை விவரம், சம்பளம் எல்லாம் அதில் வரும். அவருக்குத் தரும் சம்பளப் பணம் அவரிடமிருந்தே வாங்கியதல்ல என்றும் உறுதி சொல்ல வேண்டும். பொய் சொன்னால் தண்டனைக்குரிய பத்திரம் அது. தலைவர் மாறியிருந்தால் பழைய மனுக்களின் நகலைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். போன கமிட்டி 150 குடும்பம் என்று எழுதியதை இந்தக் கமிட்டி 600 என்று எழுதினால் யாராவது ஒருவர் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

சொல்லாமல் வரும் விருந்தாளி

கோயிலை நேரில் பார்க்க அதிகாரி வரலாம். முன்கூட்டிச் சொல்ல மாட்டார். எங்களிடம் வந்தவர் ஒரு புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வந்தார். நம் கோயில்கள் மதியம் நடை சாத்தியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பூட்டிய கதவு, காலி பார்க்கிங். நல்ல வேளையாக பின்னால் குருக்கள் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வாசலில் நடை திறக்கும் நேரத்தையும் அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு போன் நம்பரையும் ஒட்டினோம். அலுவலகத்தில் ஒரு கோப்பில் மனுவின் நகல், வார அட்டவணை, சம்பள விவரம். வார நாட்களில் கோயிலுக்கு வரும் தொண்டர்களுக்கு இது என்ன என்று சொல்லி வைத்தோம். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். குருக்களை அடுக்களையில் பார்த்தாலும், "அவர் சமையல்காரர் இல்லை, இன்றைக்கு நைவேத்தியம் செய்கிறார்" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

பக்தர்களின் கடிதம்

முப்பது கடிதம் வேண்டாம், ஐந்து போதும். ஆனால் இப்படி இருக்கட்டும்:

"2021 செப்டம்பரிலிருந்து என் மகள் ஞாயிறு காலை 10 மணி வேத வகுப்புக்குப் போகிறாள். குருக்கள்தான் நடத்துகிறார். வாரத்துக்கு ஏறக்குறைய பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள். 2022 நவம்பரில் எங்கள் வீட்டு ஆயுஷ்ய ஹோமத்தைக் கோயில் மூலம் பதிவு செய்து இவரே நடத்தினார்."

எழுதியவர் யார், என்ன வேலை, எவ்வளவு நாளாகத் தெரியும், என்ன பார்த்தார் என்பது இருந்தால் கடிதம் வேலை செய்யும். எல்லாக் கடிதமும் ஒரே வாசகத்தில் இருந்தால் வெட்டி ஒட்டியது என்று பளிச்சென்று தெரியும். அந்த நானூறு கையெழுத்தை நாங்கள் அனுப்பவே இல்லை. மனு நீண்ட காலம் அசையாமல் கிடந்தபோது உள்ளூர் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கச் சொன்னோம். அந்த உதவியை யாரும் கேட்கலாம், அவர்கள் நிலவரத்தைக் கேட்டுச் சொல்வார்கள். அங்கே அந்தக் கட்டைக் காட்டினோம். அந்த மட்டில் அது பயன்பட்டது.

கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தால் பதற வேண்டாம். ஆனால் பதிலைத் தவணை முறையில் அனுப்ப முடியாது. கேட்டது அனைத்தையும் ஒரே கட்டாக, கெடுவுக்குள் அனுப்ப வேண்டும்.

வரிசையில் நிற்கும் காலம்

மதப் பணியாளர்கள் இருப்பது இபி-4 என்ற வகையில். வேலைவாய்ப்பு கிரீன் கார்டுகளில் 7.1 சதவீதம், வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே வகையில் வேறு பலரும் நிற்கிறார்கள். 2023 ஏப்ரலில் வெளியுறவுத் துறை கணக்கிடும் முறையை மாற்றியதும் வரிசை ஒரேயடியாகப் பின்னால் போனது. 2025 பிப்ரவரி முடிவிலேயே அந்த நிதியாண்டுக்கான எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. வரிசை எந்தத் தேதிவரை நகர்ந்திருக்கிறது என்று வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினைப் பார்த்து ஒருவர் வாட்ஸாப் குழுவில் போடட்டும். எங்களுக்கு அதற்கென்றே ஒரு ஓய்வுபெற்ற சார் இருக்கிறார்.

வரிசை நகர்வதற்குள் ஆர்-1-இன் ஐந்து வருஷம் முடிந்துவிட்டால் குருக்கள் நாட்டை விட்டு வெளியே போக வேண்டும். முன்பு ஒரு வருஷம் வெளியே இருந்துவிட்டுத்தான் மறுபடி வரலாம் என்றிருந்தது. 2026 ஜனவரியில் அந்த ஒரு வருஷக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். வெளியே போய்ப் புது ஆர்-1-இல் வரலாம், ஆனால் போய்த்தான் வர வேண்டும். இன்னொன்று, அமெரிக்காவுக்குள் இருந்த நாட்கள்தான் அந்த ஐந்து வருஷத்தில் சேரும். அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போன ஆறு வாரத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். அதற்கு பாஸ்போர்ட் முத்திரையும் விமான டிக்கெட்டும் வேண்டும், ஆகவே போர்டிங் பாஸைக்கூட எறியாதீர்கள்.

குருக்களின் பிள்ளைகளுக்கு 21 வயது நெருங்கினால் வக்கீலிடம் உடனே சொல்லுங்கள். இடையில் அவர் வேறு கோயிலுக்கு மாறினால் அந்தக் கோயில் புதிதாக ஐ-360 போட வேண்டும். அதையும் யாராவது பக்குவமாக அவரிடம் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

நேர்காணல்

முறை வந்ததும் ஐ-485, அதோடு மருத்துவப் பரிசோதனைப் படிவத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் ஒத்திகை பார்க்க நினைப்பீர்கள். நாங்களும் பார்த்தோம். ஆகமம், தத்துவம் என்று குருக்களுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தோம், அவர் மனப்பாடமும் செய்துவிட்டார். அதிகாரி கேட்டது, "வார நாளில் காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வீர்கள்?" என்று. ஐந்து மணிக்குக் குளியல், ஆறரைக்கு நடை திறப்பு, அபிஷேகத்துக்குப் பால் எத்தனை காலன், பூ யார் கொண்டுவருவார் என்று அவர் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் சொல்லிக்கொண்டே போனார். அதிகாரி கோப்பில் இருந்த வார அட்டவணையை எடுத்து வைத்து, ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே வந்தார்.